தை மாதக் குளிரில் பருக்கும் காய்: பெங்களூரில் ராட்சதப் பரங்கி வளர்க்க

முதல் வருஷம் பொங்கல் முடிந்த கையோடு மொட்டை மாடியில் விதைத்தேன். விதைப் பொட்டலத்தின் மேல் ஒரு சின்னப் பையன் தன்னைவிடப் பெரிய பரங்கிக்காய் மீது கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். எனக்குக் கிடைத்தது 9 கிலோ. அதுவும் பிஞ்சு பிடித்த 45ஆம் நாளே ஆரஞ்சு நிறம் ஏறி, தோல் முற்றி, வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது. உரம் போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்த வருஷம் சாணி எருவை இரண்டு பங்காக்கி, இடத்தையும் தரைக்கு மாற்றி, ஜூன் மழையில் விதைத்தேன். 14 கிலோ. மூன்றாவது வருஷம் எருவைக் குறைத்து, விதைக்கும் தேதியை மாற்றினேன். 41 கிலோ.

உலக அளவில் பார்த்தால் 41 கிலோ ஒன்றுமே இல்லை. 2025 அக்டோபரில் இங்கிலாந்தின் இரட்டைச் சகோதரர்கள் இயன் பேட்டன், ஸ்டூவர்ட் பேட்டன் எடை போட்ட காய் 1,278.8 கிலோ. அதற்கு முன் 2023இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து டிராவிஸ் கீங்கர் கொண்டுவந்தது சுமார் 1,247 கிலோ. அந்தக் கணக்கை இங்கே எதிர்பார்க்காதீர்கள், எதிர்பார்த்தால் முதல் வருஷமே வெறுத்துவிடும். ஆனால் நம் தெருவில் யாரும் பார்த்திராத அளவுக்கு ஒரு காயைப் பெங்களூரில் வளர்க்க முடியும். அதற்கு முதலில் புரிந்துகொள்ள வேண்டியது வெப்பநிலையை. உரம், விதை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

காய்க்கு வயது ஏறும் விதம்

நமக்கு வயது நாள் கணக்கில் ஏறுகிறது. காய்க்கு வெப்பக் கணக்கில் ஏறுகிறது. விவசாயத்தில் இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. அன்றைய அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலைகளைக் கூட்டி இரண்டால் வகுத்து, அதிலிருந்து 10ஐக் கழிக்க வேண்டும். மீதி வருவதுதான் அன்று செடிக்குச் சேர்ந்த வெப்ப அலகு. (இந்தக் கட்டுரையில் டிகிரி என்றால் செல்சியஸ்தான்.) பெங்களூரில் ஒரு ஜனவரி நாள் பகலில் 28, இரவில் 16 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 22, அலகு 12. அதே ஊரில் ஏப்ரல் நாள் ஒன்று 34, 22 என்றால் சராசரி 28, அலகு 18. அதாவது ஏப்ரலில் காய் ஒன்றரை மடங்கு வேகத்தில் கிழடாகிறது. ஜனவரியில் 75 நாள் தாங்கக்கூடிய காய் ஏப்ரலில் 50 நாளில் முற்றிவிடும். முற்றிய காய் பருக்காது. என் முதல் வருஷத்து 9 கிலோவுக்கு இதுதான் காரணம்.

இரவும் இதில் சேர்த்தி. பகலில் இலை சர்க்கரை தயாரிக்கிறது. இரவில் செடி மூச்சு விடும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி எரிகிறது. இரவு எவ்வளவு புழுக்கமோ அவ்வளவு எரியும், காய்க்குப் போய்ச் சேருவது குறையும். சம்பாதிப்பது முழுக்க வாடகைக்கே போவதைப் போல. ராட்சதப் பரங்கிக்கு நல்லது பகலில் 24 முதல் 30 டிகிரி, இரவில் 16 முதல் 20. பகல் 32ஐத் தாண்டினால் இலைகள் துவளத் தொடங்கும். 35ஐத் தாண்டினால் மகரந்தம் வலுவிழந்து பிஞ்சுகள் மஞ்சளாகி உதிரும். இரவு 10க்குக் கீழே போனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும்.

இந்த எண்களைப் பெங்களூர் வானிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் பகல் 26, 28. இரவு 15, 16. பிப்ரவரியில் பகல் 30ஐ ஒட்டி, இரவு 17, 18. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நமக்கு வாய்த்த யோகம் இது. சென்னை நண்பர்கள் மன்னிக்கவும், வருஷத்தில் பாதி நாள் இரவிலும் 25க்குக் குறையாத ஊரில் இந்தக் காயோடு மல்லுக்கட்டுவது வீண் சிரமம். அவர்களுக்கு நாட்டுப் பரங்கியே போதும், சாம்பாருக்கும் அதுதான் ருசி.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நமக்குக் குளிரான மாதங்களில் பகலும் குட்டை. டிசம்பரில் பதினொன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. ஜூனிலேயே நம் பகல் 13 மணி நேரத்தைத் தொடாது. மின்னசோட்டாவில் அப்போது 15 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். அவர்களுக்கு நீண்ட பகலும் மிதமான இரவும் சேர்ந்து கிடைக்கின்றன. நமக்கு இரண்டில் ஒன்றுதான். ஆயிரம் கிலோ அங்கே சாத்தியமாவதற்கும் இங்கே ஆகாததற்கும் இது ஒரு பெரிய காரணம்.

எப்போது விதைப்பது

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது ஊரில் மானாவாரிக்குச் சொன்னது. பெங்களூரில் இந்தக் காய்க்கு ஐப்பசிப் பட்டம்தான் என்பது என் முடிவு. நவம்பர் முதல் பத்து நாளுக்குள் விதை மண்ணுக்குப் போக வேண்டும். அப்படிப் போட்டால் கார்த்திகையில் கொடி ஓடும், மார்கழியில் பூக்கும், தை மாசியில் காய் பருக்கும். பங்குனி வெயில் உறைக்கும்போது காய் கிட்டத்தட்ட முடிந்திருக்கும். சிவராத்திரியோடு குளிர் 'சிவசிவா' என்று ஓடிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா, அதற்குள் காயின் முக்கால் எடை ஏறியிருக்க வேண்டும். உங்கள் நாட்காட்டியை அந்த நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பரங்கி, வெள்ளரி இனங்களில் வெப்பமும் நீண்ட பகலும் ஆண்பூக்களைப் பெருக்கும். குளிரும் குட்டைப் பகலும் பெண்பூக்களைக் கூட்டும். மார்கழியில் எனக்குப் பெண்பூவுக்குப் பஞ்சம் வந்ததில்லை.

ஜூனில் விதைக்கலாமா என்று கேட்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் வெப்பநிலை என்னவோ அருமையாகத்தான் இருக்கும். ஆனால் வானம் நாள் கணக்கில் மூடிக் கிடக்கும், இலை காயவே காயாது, அடிச்சாம்பல் நோய் வரும், தண்டு அழுகும். எனக்கு வந்த 14 கிலோ அந்த வகை. வெப்பநிலை சரியாக இருந்து வெளிச்சம் இல்லாவிட்டால் அடுப்பு தயாராக இருந்து அரிசி இல்லாத கதைதான்.

இடம்

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அளவு முப்பதுக்கு நாற்பது அடி சைட், அதாவது வீட்டுமனை. அதில் கால்வாசி, 300 சதுர அடி கிடைத்தால் முதல் வருஷத்துக்குப் போதும். பெரிய அளவில் வளர்ப்பவர்கள் ஒரே செடிக்கு 600, 1,000 சதுர அடி கொடுக்கிறார்கள். நான் பக்கத்துக் காலி சைட்டைச் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கினேன். புதர் மண்டாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றதும் சந்தோஷமாகச் சரி சொன்னார்.

இடம் பார்க்கும்போது தெற்கே என்ன கட்டடம் இருக்கிறது என்று பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். தெற்கில் மூன்று மாடி வீடு இருந்தால் நடுப்பகலிலேயே அதன் நிழல் 20 அடிக்கு மேல் விழும். ஜூலையில் போய் இடத்தைப் பார்த்து 'நல்ல வெயில்' என்று முடிவு செய்து ஏமாந்தவர்கள் உண்டு.

மொட்டை மாடி வேண்டாம் என்பது என் கருத்து. எடைக்காக மட்டும் சொல்லவில்லை. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் இரவில் அதைத் திருப்பி விடும். முதல் வருஷம் மார்ச் மாதத்தில் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு மாடியில் கொடி உயரத்தில் வெப்பமானியை வைத்தேன்: 29. கீழே தெருவில், மரத்தடியில்: 24. ஐந்து டிகிரி. செடி எந்த ஊரில் வாழ்கிறது என்பதை அந்த ஐந்து டிகிரி தீர்மானித்துவிடும்.

வாங்க வேண்டிய கருவி

அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளும் வெப்பமானி ஒன்று. நர்சரிகளிலும் இணையத்திலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கொடி உயரத்தில், நேரடி வெயில் படாமல், காற்று புகுமாறு ஒரு வெள்ளை டப்பாவில் ஓட்டை போட்டுத் தொங்கவிடுங்கள். கைப்பேசி காட்டும் வெப்பநிலையை நம்பி இருக்காதீர்கள். அது அரண்மனைச் சாலை வானிலை நிலையத்துடையதாக இருக்கலாம், விமான நிலையத்துடையதாக இருக்கலாம். உங்கள் சைட்டுடையது இல்லை. காலையில் காபிக்கு முன் இரண்டு எண்களையும் ஒரு நோட்டில் எழுதிவிட்டுத்தான் மறுவேலை. பிறகு காய் பிடித்ததும் பக்கத்திலேயே அதன் சுற்றளவையும் எழுதுவீர்கள். இந்த நோட்டு ஒரு வருஷம் இருந்தால் அடுத்த வருஷம் யாருடைய ஆலோசனையும் தேவைப்படாது, இந்தக் கட்டுரை உட்பட.

விதை

சந்தையில் நாம் வாங்கும் மஞ்சள் பூசணி, கொங்குப் பக்கம் அரசாணிக்காய், இங்கே காய்கறிக்காரர் 'சிஹி கும்பளா' என்பது, பெரும்பாலும் குக்குர்பிட்டா மொஸ்சாட்டா என்ற இனம். ராட்சதக் காய் குக்குர்பிட்டா மேக்ஸிமா. அதிலும் 'அட்லாண்டிக் ஜயன்ட்' என்ற வகைதான் வேண்டும். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கியது. இன்றைய உலகச் சாதனைக் காய்கள் அதன் வம்சம். ஆயுத பூஜைக்கு நடுரோட்டில் உடைத்து, பைக்கில் போகிறவர்களை வழுக்கி விழச் செய்யும் சாம்பல் பூசணி முற்றிலும் வேறு செடி. அதன் விதையைப் பொறுக்கி வந்து போடாதீர்கள். நேரில் பார்த்ததால் சொல்கிறேன்.

விதையை வெளிநாட்டிலிருந்து நேரடியாகத் தபாலில் வரவழைக்க இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் தேவை. உள்ளூரில் பொட்டலமாகக் கிடைப்பதையே வாங்கி, ஐந்தாறு விதை போட்டு, திடமான ஒன்றை வைத்துக்கொள்வது சுலபம். பொட்டலத்துப் பெயரை முழுசாக நம்ப வேண்டாம்.

முளைக்க வைப்பது: இட்லி மாவுப் பரீட்சை

முளைக்கும்போது மட்டும் இந்தச் செடிக்குக் குளிர் ஆகாது. மண் 27 முதல் 32 டிகிரி இருந்தால் ஐந்தாறு நாளில் முளைக்கும். 15க்குக் கீழே போனால் விதை மண்ணுக்குள்ளேயே அழுகும். நவம்பரில் பெங்களூர் இரவு 17, 18. வெளியே வைத்தால் உடனே அழுகாது, ஆனால் இழுத்துக்கொண்டே கிடக்கும்; இழுக்க இழுக்கப் பூஞ்சை பிடிக்கும்.

இதற்குத் தனி ஹீட்டர் எதுவும் வேண்டாம். பெங்களூர்க் குளிரில் இட்லி மாவு பொங்க வைக்க உங்கள் வீட்டில் ஓர் இடம் கண்டுபிடித்து வைத்திருப்பீர்கள். சிலருக்கு ஸ்டெபிலைசர் பக்கம், சிலருக்கு விளக்கு எரியும் மைக்ரோவேவுக்குள், எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் தலைமேல் பின்பக்கம். மாவு ராத்திரியில் பொங்கும் இடம் விதைக்கும் சரி. மாவு பொங்காத இடத்தில் விதையை வைக்காதீர்கள்.

விதையின் ஓரங்களை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, கூர்முனையை மட்டும் தொடாமல் விட்டு, நான்கைந்து மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவிடுங்கள். அரை லிட்டர் காகிதக் கோப்பையில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து, கூர்முனை கீழே இருக்க ஓர் அங்குல ஆழத்தில் நட்டு, பாலிதீன் உறையால் மூடி அந்த மூலையில் வையுங்கள். முளை தலைகாட்டிய அன்றே வெளிச்சத்துக்கு எடுத்துவிட வேண்டும். ஒருநாள் மறந்தாலும் நூலாக நீண்டு சாய்ந்துவிடும்.

நடவும் கொடியும்

முதல் உண்மையான இலை உள்ளங்கை அளவு விரிந்ததும், ஏறக்குறைய நவம்பர் 20க்குள், தரையில் நடலாம். மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம் குழி எடுத்து, நம் செம்மண்ணோடு மக்கிய சாணி எரு மூன்றில் ஒரு பங்கு கலந்து மேடாக்குங்கள். மழை இன்னும் முழுசாக விட்டிருக்காது, மேடு இருந்தால் வேர் மூழ்காது. முதல் இரண்டு வாரம் ராத்திரியில் மட்டும் அடி வெட்டிய இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்த்து மூடுங்கள். காலை எட்டு மணிக்கு எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் பதினோரு மணிக்குள் உள்ளே வெந்துவிடும். எனக்கு ஒரு நாற்று அப்படிப் போனது.

தாய்க்கொடியை நேராக ஓடவிட்டு, பக்கக் கொடிகளை இரு பக்கமும் குறுக்காகப் பிரித்துவிடுங்கள், மீன்முள்ளைப் போல. கணுக்களின் மேல் மண் அணைத்தால் அங்கங்கே வேர் இறங்கும். வெயில் காலத்தில் தண்ணீர் இழுக்கப் போவது அந்த வேர்கள்தான், ஆகவே இந்த வேலையை டிசம்பரிலேயே முடியுங்கள். பக்கக் கொடி எட்டடி ஆனதும் நுனியைக் கிள்ளிவிடலாம்.

பூ, கோலம், ஒரு விபத்து

மார்கழி முதல் வாரத்தில் ஆண்பூக்கள் வரும். எங்கள் தெருவில் பாதி வீடு தமிழ் வீடு. விடியற்காலை வாசலில் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பரங்கிப்பூ செருகுவது இன்னும் போகவில்லை. பூ மார்க்கெட்டில் பரங்கிப்பூ எப்போதும் கிடைக்காது. ஆகவே என் சைட்டுக்கு மார்கழியில் தனி மரியாதை. எதிர்வீட்டு அக்காவிடம், "எவ்ளோ வேணும்னாலும் பறிச்சுக்கோங்கக்கா" என்று சொல்லி வைத்திருந்தேன். ஆண்பூ, பெண்பூ வித்தியாசம் சொல்ல மறந்துவிட்டேன். ஒருநாள் காலை ஐந்தே முக்காலுக்குப் போனால், பன்னிரண்டாம் கணுவில் நான் பத்து நாளாகக் காத்திருந்த பெண்பூ இல்லை. எதிர்வீட்டு வாசலில், சிக்குக் கோலத்தின் நடுவில், சாணி உருண்டை மேல் அடியில் குட்டிப் பிஞ்சோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. "இது கொஞ்சம் குண்டா அழகா இருந்துச்சுப்பா" என்றார். சாமிக்குப் போனது போகட்டும் என்று அடுத்த பூவுக்குக் காத்திருந்தேன்.

பூவுக்கு அடியில் கோலி போல உருண்டை இருந்தால் பெண்பூ. நீளக் காம்பு மட்டும் இருந்தால் ஆண்பூ. இதை முதலில் தெருவுக்கே சொல்லிவிடுங்கள்.

தாய்க்கொடியில் 10 அடிக்கு மேல் வரும் பெண்பூவைத்தான் காய்க்கு விட வேண்டும். அதற்கு முன் வந்தால் கிள்ளி எறியுங்கள், பின்னால் காய்க்குச் சோறு போட இலைகள் போதாது. நாளை விரியப் போகும் பூ முந்தின மாலையே நுனியில் மஞ்சள் காட்டும். அதன் வாயை நூலால் தளர்வாகக் கட்டுங்கள். மூன்று நான்கு ஆண்பூக்களையும் அப்படியே கட்டுங்கள். காலையில் ஆண்பூக்களைப் பறித்து, இதழ்களை உரித்து, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண்பூவின் உள்ளே எல்லா மடலிலும் படும்படி தடவி, மறுபடி நூலைக் கட்டிவிட வேண்டும்.

நேரம் வெப்பநிலையைப் பொறுத்தது. 15 டிகிரி மார்கழிப் பனியில் பூ சோம்பேறி, மகரந்தமும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தொட்டால் மஞ்சள் பொடி வரும்வரை பொறுங்கள். எனக்குப் பெரும்பாலும் ஏழு மணி ஆகும். பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிப்போனால் தலைகீழ்: ஆறு மணிக்கே முடித்துவிட வேண்டும், பத்து மணிக்குப் பூ சுருண்டுவிடும். அப்போது பகல் 32ஐத் தாண்டும் என்று தெரிந்தால், பூவின் மேல் குடை ஒன்றை நட்டு, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி இரு பக்கமும் வையுங்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை, உருக உருக மாற்றி, இரண்டு நாள். வெயில் ஊர்களில் போட்டிக்கு வளர்ப்பவர்களும் பனிக்கட்டி வைத்துத்தான் பிஞ்சைக் காப்பாற்றுகிறார்கள்.

காய் பருக்கும் எழுபது நாள்

பிஞ்சு பிடித்து ஒரு வாரத்தில் ஆரஞ்சுப் பழ அளவு வந்துவிட்டால் இனி விழாது. மற்ற பெண்பூக்களையெல்லாம் கிள்ளிவிடுங்கள். ஒரே செடி, ஒரே காய். மனசு கேட்காமல் இரண்டு விட்டால் இரண்டும் நடுத்தரமாக நிற்கும். காய்க்கு அடியில் ஓரங்குலம் ஆற்று மணல் பரப்பி, அதன் மேல் தெர்மாகோல் பலகை வைத்தால் ஈரமும் படாது, இரவில் தரைக் குளிரும் ஏறாது.

காய்க்கு வெயில் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வெயில் இலைக்குத்தான் வேண்டும். வெயில் படும் தோல் சூடேறி இறுகும். உள்ளே பருக்கும் வேகத்துக்குத் தோல் இடம் கொடுக்காவிட்டால் வெடிக்கும். வெடித்த காயை ஒட்ட வைக்க முடியாது. நான்கு குச்சி நட்டுப் பழைய வெள்ளை வேட்டியைப் பந்தல் போலக் கட்டினேன். காய்மேல் படாமல் ஒரு முழ உயரத்தில் இருக்க வேண்டும்.

இரவு 14க்குக் கீழே இறங்கும் நாட்களில், தை முதல் வாரங்களில் சில வரும், மாலை ஆறு மணிக்குக் காய்மேல் சணல் கோணி போர்த்திக் காலையில் எடுத்துவிடுங்கள். பாலிதீன் போர்த்தாதீர்கள், வியர்த்து அழுகும். கோணி போர்த்தப் போகும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், "அங்கிள், பூசணிக்கு ஜுரமா?" என்று கேட்பார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஏன் இரவைப் பற்றி இவ்வளவு? காலை ஆறு, மாலை ஆறு என்று இருவேளையும் நாடா வைத்து அளந்து பாருங்கள். பகலில் இலைகள் தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும், காய்க்குப் போவது குறைவு. பொழுது சாய்ந்து இலைத்துளைகள் மூடியதும் வேர் இழுப்பதெல்லாம் காய்க்குத் திரும்பும். என் நோட்டில் மிக நன்றாகப் போன நாள் பிஞ்சு பிடித்த 26ஆம் நாள்: பகல் 29, இரவு 17, சுற்றளவு ஒரே நாளில் இரண்டரை சென்டிமீட்டர் கூடியது. அதில் இரண்டு சென்டிமீட்டர் இரவில் கூடியது. உலகச் சாதனைக் காய்கள் உச்சக் கட்டத்தில் நாளுக்கு 20 கிலோவுக்கு மேல் ஏறுகின்றன என்பதை நினைத்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அங்கே பக்கத்தில் நின்றால் சத்தம் கேட்குமோ என்னவோ.

மாசி வெயில் வந்தபின்

பிப்ரவரி கடைசியிலிருந்து பகல் 32ஐத் தொடும். மதியம் இலைகள் குடை மடக்கியதைப் போலத் தொங்கும். பயப்படாதீர்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் நிமிர்ந்துவிட்டால் அது வெறும் வெயில் களைப்பு. காலையிலும் நிமிரவில்லை என்றால் வேரிலோ தண்டிலோ கோளாறு. அடித்தண்டைப் பிடித்துப் பாருங்கள், கொழகொழப்பாக இருக்கும்.

களைப்பு தினமும் வந்தால் 35 சதவீத நிழல்வலையைப் பதினொன்று முதல் மூன்றரை வரை மட்டும் கட்டுங்கள். நாள் முழுக்கக் கட்டினால் குளிர்ச்சிக்காக வெளிச்சத்தைப் பறிகொடுக்கிறோம். 50 சதவீத வலை வேண்டவே வேண்டாம். மண்ணை மூட காய்ந்த இலை, தென்னை ஓலை, வைக்கோல் எதுவானாலும் நான்கு அங்குலம். டிசம்பரில் இதைப் போடாதீர்கள், அப்போது மண்ணுக்கு வெயில் வேண்டும். பிப்ரவரி நடுவில் போடுங்கள்.

தண்ணீர்தான் பெங்களூரில் பெரிய பேச்சு. என் 300 சதுர அடிக்கு ஜனவரியில் நாளுக்கு 40 லிட்டர், மார்ச்சில் 80 ஆனது. 2024 மார்ச்சில் தட்டுப்பாடு வந்தபோது குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததை மறக்க வேண்டாம். அரிசி, காய் கழுவிய தண்ணீரை டிரம்மில் பிடித்து வையுங்கள். சமையல் செய்யும் நாலு வீடு சேர்ந்தால் ஒரு நாளைக்கு 60 லிட்டர் சாதாரணமாக வரும். ஆர்.ஓ. கழிவு நீரில் உப்பு அதிகம், அதை ஊற்றாதீர்கள். ஊற்றும் நேரம் காலை. சூடான மதியத்தில் காய்ந்த மண்ணில் திடீரென்று நிறைய ஊற்றினால் காய் வெடிக்கும். ஒரே மாதிரி, தினமும், அளவாக.

நோய்களில் ஒன்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். பகல் மிதமாகவும் இரவு பனியாகவும் இருக்கும் அதே தை மாதம் சாம்பல் நோய்க்கும் ரொம்பப் பிடித்தது. இலையில் திருநீறு பூசியது போல வெள்ளைப் புள்ளி தெரிந்த அன்றே அந்த இலையைக் கிள்ளி, நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளியுங்கள். ஆனால் பகல் 32க்கு மேல் போகும் நாட்களில் கந்தகம் தெளித்தால் இலை கருகும். அப்போது வேறு மருந்துக்கு மாறுங்கள். பழ ஈக்கு, ஆண் ஈக்களை வாசனையால் இழுக்கும் கியூ லூர் பொறி இரண்டு தொங்கவிட்டால் போதும்.

அறுவடை

மூன்று நாள் தொடர்ந்து நாடா ஒரே எண்ணைக் காட்டினால் முடிந்தது. எனக்கு அது மார்ச் 19. காம்பை நாலு விரல் நீளம் விட்டு அறுத்து, இரண்டு ஆள் சேர்ந்து ஜமுக்காளத்தில் உருட்டித் தூக்கினோம். வீட்டுத் தராசு ஏற்காது. பழைய இரும்பு வாங்கும் குஜரிக் கடைத் தராசில்தான் போட்டோம். கடைக்காரர் 41 என்று படித்துவிட்டு, "கிலோ என்ன ரேட்டு போடட்டும்ணா?" என்றார்.

விதைகளைக் கழுவி நிழலில் காயவைத்து எடுத்து வையுங்கள். கறிக்கு ஆசைப்படாதீர்கள், இந்தக் காயில் தண்ணீர்தான் ஜாஸ்தி. வெல்லம் போட்டுப் புளிக்கறி வைத்தும் தேறவில்லை. எங்கள் காயின் பாதி, தெருமுனைப் பிள்ளையார் கோயில் அன்னதானத்துக்குப் போனது, அங்கே கூட்டில் நாட்டுப் பரங்கியோடு கலந்து ஒப்பேற்றிவிட்டார்கள். மீதியை நறுக்கி மாட்டுக்கொட்டாய்க்குக் கொடுத்தேன். பதிலுக்கு அடுத்த ஐப்பசிக்கு இரண்டு மூட்டை எரு சொல்லி வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு அக்காவுக்குப் பத்து விதை. அவர் வீட்டுக்குப் பின்னால் கிழக்குப் பார்த்த இடம் இருக்கிறது. தெற்கே கட்டடம் இல்லை.